உப்புக்காற்றில் ஹிமாலயன் 411: ஐந்து வருட அனுபவமும், நான் நிரல் எழுதும் கருவிகளும்

தங்கச்சிமடத்தான்

வண்டி வாங்கி ஐந்து வருடம் முடிந்து, ஓடோமீட்டர் 61,000 காட்டுகிறது. இவ்வளவு நாள் இந்த மன்றத்தில் மற்றவர்கள் எழுதியதைப் படித்துத்தான் எல்லாம் கற்றுக்கொண்டேன். இப்போது என் பங்குக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக், பிஎஸ்6. வீடு தங்கச்சிமடம். கடற்கரைக்கு நடந்தே ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். சர்வர் பக்க நிரல் எழுதும் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன். வாரம் இரண்டு தடவை பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம். மாதம் ஒரு தடவை ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று தென்கடல் ஓரமாக ஒரு நீண்ட சுற்று. ஆடியில் காற்று தனுஷ்கோடி ரோட்டின் குறுக்கே மணலை இழுத்துப் போட்டுவிடும். அங்கேதான் முன்னால் 21 அங்குலச் சக்கரம் இருப்பதன் அருமை தெரியும்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் ஒரு கோளாறு. போன கார்த்திகையில், மழை பெய்துகொண்டிருக்கும்போது பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. கீழே கடல், பக்கவாட்டில் காற்று, பின்னால் பஸ். தள்ளிக்கொண்டே மண்டபம் பக்கம் இறங்கினேன். பத்து நிமிடம் கழித்து எதுவும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. அடுத்த மூன்று வாரத்தில் நான்கு தடவை இப்படியே. ஒரு பட்டறையில் காட்டினேன். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லா இடத்திலும் 12 வோல்ட் வருது, வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று இரவு வேலை விஷயமாக கிட்டில் (Git, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பைசெக்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். தெரியாதவர்களுக்கு: எந்த கமிட்டில், அதாவது பதிந்த மாற்றத்தில், பிழை நுழைந்தது என்று தேட, வரலாற்றைச் சரிபாதியாக வெட்டிக் கேட்கும் முறை இது. ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துக் கேள்வியில் இடத்தைக் காட்டிவிடும். வயரிங்கிலும் இதைச் செய்தால் என்ன என்று தோன்றியது. பேட்டரியிலிருந்து பெட்ரோல் பம்ப் வரை போகும் பாதையைப் படமாக வரைந்தேன். நடுவில் ஒரு கப்ளரில் (வயர்களை இணைக்கும் சொருகி) அளந்தேன்: சரியாக இருந்தது. மிச்சப் பாதியின் நடுவில் அளந்தேன்: அதுவும் சரி. எங்கே வைத்தாலும் 12 வோல்ட்.

அப்புறம்தான் புரிந்தது. கரண்ட் ஓடாதபோது அளந்தால் பாசி பிடித்த கப்ளர்கூட முழு வோல்ட் காட்டும். லோடு ஏறினால்தான் அதன் குணம் வெளியே வரும். சாவியைப் போட்டதும் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடும் இல்லையா, அந்த நொடிகளில் அளந்தேன். பேட்டரியில் 12.3. பம்ப் முனையில் 8.8. மூன்றாவது தடவை பாதியாக வெட்டியதில் ஆள் அகப்பட்டுவிட்டார்: டேங்குக்கு அடியில் ஒரு கப்ளர், உள்ளே பின் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துலக்கி, பின்களை இறுக்கி, மின்கசிவு தடுக்கும் கிரீஸ் வைத்து மூடினேன். அதற்குப் பிறகு ஒருநாள்கூட நிற்கவில்லை.

கருவிகள் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான். எட்டு வருடமாக நியோவிம் (நிரல் எழுதும் எடிட்டர்), டிமக்ஸ் (ஒரே திரையில் பல டெர்மினல்), கிட், ஒரு மேக்ஃபைல் (நிரலைக் கட்டும் கட்டளைப் பட்டியல்), இவ்வளவுதான். காற்று பலமாக அடிக்கும் நாளில் இங்கே இணையம் போகும், கரண்டும் போகும். லேப்டாப் பேட்டரியில் தனியாக ஓடுகிற, எனக்குள்ளே புரிகிற கருவி மட்டும்தான் அன்றைக்குக் கைகொடுக்கும். திறந்து பார்க்க முடியாத பொருளை இந்தக் கடற்கரையில் வைத்துக் காப்பாற்ற முடியாது என்பது என் உறுதியான கருத்து. வண்டிக்கும் அதுதான், எடிட்டருக்கும் அதுதான். மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள், கேட்கத் தயார்.

கீழக்கரை பயணி

அருமையான பதிவு தம்பி. லோடு வைத்து அளக்கும் விஷயத்தை எல்லாரும் தனியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் முடிவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. நான் ஓட்டுவது ஹிமாலயன் 450. 452 சிசி, தண்ணீர் கூலிங், ஆறு கியர், த்ராட்டிலுக்குக் கேபிளே கிடையாது, கம்ப்யூட்டர்தான். உங்கள் கணக்குப்படி இந்த ஊரில் இது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கக் கூடாது. இரண்டு வடகிழக்குப் பருவம் தாண்டிவிட்டது. உங்களைப் படுத்தியதும் ஒரு கப்ளர்தானே, கம்ப்யூட்டர் இல்லையே? எளிய வண்டியிலும் உப்பு நுழைகிற ஓட்டைகள் நிறைய.

எடிட்டர் பேச்சுக்கும் என் பதில் அதுவே. நான் பயன்படுத்தும் எடிட்டர் விஎஸ் கோடு. 2015இல் வந்ததிலிருந்து பார்க்கிறேன். அதன் கூட்டத்தார் 2016இல் வெளியிட்ட மொழிச் சேவையக நெறிமுறை (எடிட்டரும் நிரல்மொழியை அலசும் கருவியும் பேசிக்கொள்ளும் பொது முறை) வந்த பிறகுதான் உங்கள் நியோவிம்மிலும் பெயர் மாற்றுவது, வரையறைக்குத் தாவுவது எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. பெரிய கருவி செய்து கொடுத்த என்ஜின்தான் சின்னக் கருவிக்குள்ளும் ஓடுகிறது. அதை மறந்துவிட்டு எளிமை என்று பேசுவது நியாயமாகப் படவில்லை.

வடகடல்

நான் தொண்டி. எக்ஸ்பல்ஸ் 200 பைக் வைத்திருக்கிறேன், வேலை மைக்ரோகன்ட்ரோலர் (கருவிகளுக்குள் இருக்கும் சின்னக் கணினிச் சில்லு) நிரல். தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம் வரை இந்த வடகடல் ஓரம் முழுக்க எனக்கு அத்துப்படி.

தங்கச்சிமடத்துத் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்தக் கப்ளர் இருக்கும் இடத்தில் தண்ணீர் எப்படிப் போனது? வெறும் மழைத் தண்ணீர் இவ்வளவு பச்சை பூக்க வைக்காதே. டேங்குக்கு அடியில் கடல் தெறிக்கவும் வழியில்லை. வண்டியை எங்கே கழுவுகிறீர்கள்?

தங்கச்சிமடத்தான்

அக்கா, வாட்டர் சர்வீஸ் கடையில்தான். பாலம் தாண்டி வந்தால் உடனே உப்பைக் கழுவிவிட வேண்டும் என்று பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தவறாமல் விடுவேன்.

ராமநாதபுரம் பட்டறை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நான் இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கம் குறைவு, ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

நம்ம ஜில்லாவில் வாட்டர் சர்வீஸ் கடையில் அடிக்கிறது போர்வெல் தண்ணி. அது என்ன தண்ணி என்று வாயில் ஊற்றிப் பாருங்கள். உப்பைக் கழுவுகிறோம் என்று உப்புத் தண்ணியையே பிரஷரில் ஏற்றுகிறோம். காற்றில் வரும் உப்பு மேலே படியும், துடைத்தால் போகும். பிரஷரில் அடித்த உப்பு கோன் செட்டுக்குள்ளே (ஹேண்டில் திரும்பும் பேரிங்), ஸ்விங் ஆர்ம் புஷ்ஷுக்குள்ளே, கப்ளருக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே வரவே வராது. பளபளவென்று வரும் வண்டியைக் கழற்றினால்தான் உள்ளே பேரிங் துருப்பிடித்துக் கிடப்பது தெரியும். மண் அப்பிக்கொண்டு வரும் மீன் வியாபாரி வண்டிக்குள் நன்றாகவே இருக்கும். அவர் கழுவுவதே இல்லை, அதனால்தான்.

தம்பி, வண்டியைத் தூக்கி முன்சக்கரத்தை இடம் வலம் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு இடத்தில் டக்கென்று பிடித்து நின்றால் கோன் செட் போயிருக்கிறது. பின்பக்க ஷாக் அப்சார்பரைத் தாங்கும் லிங்க்கேஜையும் கழற்றி கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். இந்தக் கடற்கரையில் வருடத்துக்கு ஒரு தடவை, புரட்டாசியில், மழைக்கு முன்னால் செய்துவிட வேண்டும்.

வேதியியல் வாத்தியார்

பட்டறை அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். நம் கடற்கரையில் இரவு நேரத்தில் அந்த அளவு சர்வ சாதாரணம். ஆக, மழையே இல்லாவிட்டாலும், வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் மேல் இருக்கும் ஒவ்வொரு உப்புப் பொடியும் தினமும் இரவில் ஒரு துளி உப்புநீராகிறது, பகலில் காய்கிறது, மறுபடி நனைகிறது. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கிறீர்கள். ஓலைக் கொட்டகையும் ஒரு பழைய வேட்டியும் அதைவிட மேல்.

அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கும். குளோரைடு அதைத் துளைத்துவிடும். என்ஜின் கவரில் வெள்ளையாகப் பூக்கிறதே, அதுதான். அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போட்டு, இடையில் உப்புநீரும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி தயார். அதில் கரைவது அலுமினியம். ஸ்டெயின்லெஸ் மாட்டினால் துருவே வராது என்று நினைத்துப் போல்ட்டை எல்லாம் மாற்றுகிறவர்கள், மரையில் ஆன்டி சீஸ் பசை (போல்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுப்பது) தடவாமல் முடுக்காதீர்கள்.

படகுக்காரர்கள் அடியில் துத்தநாகக் கட்டி வைப்பதைப் பார்த்து, வண்டியிலும் கட்டலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. படகு முழு நேரமும் கடல்நீரில் கிடப்பதால் துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் நடுவில் மின்பாதை இருக்கிறது. வண்டி காற்றில் நிற்கிறது, அந்தப் பாதை கிடையாது. அதனால் பயன் இல்லை.

1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை இந்தக் காற்றில் இத்தனை காலம் நிற்க வைத்தது ஓயாமல் சுரண்டிப் பெயின்ட் அடித்த ஆட்களின் உழைப்பு. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, முழுக்க வெல்டிங் செய்த இணைப்பு, மேலே பாலிசிலாக்சேன் பூச்சு என்று எல்லா ஏற்பாடும் செய்திருக்கிறார்கள். இணைப்பு குறைந்தால் உப்பு ஒளிந்துகொள்ள இடுக்கும் குறையும். தம்பியின் கப்ளர் கதையும் இடுக்கின் கதைதான்.

சென்னைவாசி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தையில் நாங்கள் நான்கு பேர் ஈசிஆர் வழியாகத் தனுஷ்கோடி வருகிறோம். எல்லாம் டியூப் டயர் வண்டிகள். பஞ்சர் நிலவரம் எப்படி? அரிச்சல்முனைக்குப் பக்கத்தில் மணலில் இறக்கி ஓட்டிப் பார்க்கலாமா?

வடகடல்

பஞ்சர் பற்றி நான் சொல்கிறேன். இங்கே எதிரி ஆணி இல்லை, சீமைக்கருவேல முள். கரிமூட்டத்துக்கு வெட்டி ஏற்றிப்போகும் டிராக்டரிலிருந்து கிளை விழுந்துகொண்டே போகும். காய்ந்த முள் டயரைத் துளைத்து உள்ளே வந்ததும் முனை ஒடிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. டியூபை ஒட்டி மாட்டிப் பத்துக் கிலோமீட்டர் போனால் அதே இடத்தில் மறுபடி இறங்கும். அதனால் டியூபை ஒட்டுவதற்கு முன் ஒரு பழைய துணியை டயருக்குள் விட்டுச் சுற்றிலும் தடவுங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். வெறும் கையை விடாதீர்கள், நான் விட்டுத் தையல் போட்டிருக்கிறேன்.

21 அங்குல டியூப் வழியில் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். ஒன்று கையில் இருக்கட்டும். பின்சக்கரம் போனாலும் அவசரத்துக்கு அதையே மடித்துத் திணித்து, மெதுவாக ஊர் வந்து சேரலாம். டயர் ரிம்மை விட்டு விலகவில்லை என்றால் இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை டயர் ஓரத்தில் வைத்து, அந்த வண்டியைச் சாய்த்து அழுத்துங்கள், விலகிவிடும். நான்கு பேர் வருவதால் இதற்குக் கவலை இல்லை.

மணல் பற்றி வேறொருவர் பதில் சொல்வது நல்லது.

பங்குனி ஆமை

நான் சொல்கிறேன். தயவுசெய்து இறக்காதீர்கள்.

தை முதல் சித்திரை வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டை வைக்கும் காலம். வனத்துறையோடு சேர்ந்து இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கும் வேலையில் நானும் ஐந்து பருவமாக இருக்கிறேன். நாங்கள் நடந்து வருவதற்கு முன்னால் ஒரு டயர் அந்தக் குழியின் மேல் ஏறியிருந்தால் எல்லாம் முடிந்தது. குழி இருப்பது வண்டியில் வருபவருக்குத் தெரியவே தெரியாது. 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகவும் அறிவித்திருக்கிறார்கள். நீங்கள் வரும் மாதத்தில்தான் பறவைகளும் வந்து இறங்கியிருக்கும்.

2017இலிருந்து அரிச்சல்முனை வரை நல்ல தார் ரோடு இருக்கிறது. அதிலேயே வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடங்கள். 1964 புயலில் போன ஊர் அது. இன்னும் சுவர் நிற்கிறது. அங்கே என்ஜின் சத்தம் வேண்டாம்.

சென்னைவாசி

புரிந்தது, கண்டிப்பாக இறக்க மாட்டோம். இரவு நடையில் வெளியூர் ஆட்களும் கலந்துகொள்ள முடியுமா?

பங்குனி ஆமை

வனத்துறையிடம் அனுமதி கேட்டுத்தான் வர முடியும். விவரம் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

கீழக்கரை பயணி

திரும்ப நம் பேச்சுக்கு வருவோம். தம்பி, உங்கள் கோளாறுக்குக் காரணம் எளிமையும் இல்லை, சிக்கலும் இல்லை, தண்ணீர் என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் "திறந்து பார்க்க முடியாததை வைத்திருக்க முடியாது" என்ற முடிவு எங்கிருந்து வருகிறது?

எனக்கு ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளர் எடிட்டருக்குள்ளேயே இருக்கிறது. முன்பு அரை நாள் எடுத்த வேலை அரை மணி நேரத்தில் முடிகிறது. மீதி நேரத்தில்தான் நான் சேதுக்கரை வரை வண்டி எடுத்துப் போய் வருகிறேன். இதை விட்டுவிட்டு மேக்ஃபைலுக்குத் திரும்பச் சொல்கிறீர்களா?

தங்கச்சிமடத்தான்

காக்கா (உங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தானே கூப்பிடுவார்கள்), திரும்பச் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர்தான் காரணம் என்று நாம் கண்டுபிடித்ததே அந்தக் கப்ளரை நான் கழற்றிப் பார்க்க முடிந்ததால்தானே? மீட்டர் 12 வோல்ட் காட்டியது, பட்டறை "நல்லாத்தான் இருக்கு" என்றது. நான் அதோடு விட்டிருந்தால் வோல்ட் மட்டும் தெரிந்திருக்கும், பச்சை தெரிந்திருக்காது.

உதவியாளர் பற்றி: நானும் பயன்படுத்திப் பார்த்தேன். போன வருடம் அது எழுதிக் கொடுத்த ஒரு மறுமுயற்சித் துண்டை (பதில் வராவிட்டால் திரும்பக் கேட்கும் நிரல்) மேலோட்டமாகப் படித்துச் சேர்த்துவிட்டேன். சோதனைகள் எல்லாம் பாஸ். சர்வரில் கூட்டம் ஏறியதும், பதில் தாமதமான ஒவ்வொரு கோரிக்கையும் மூன்று மடங்காகிக் கீழே இருந்த தரவுத்தளத்தை உட்கார வைத்துவிட்டது. கப்ளரிலும் இதையேதான் பார்த்தேன். லோடு இல்லாமல் அளந்தால் எல்லாம் சரி. அதை எழுதியது நானாக இருந்தால் எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்கும். நான் எழுதாததால் என் வீட்டுக்குள்ளேயே அந்நியனைப் போலத் தேட வேண்டியிருந்தது.

ராமநாதபுரம் பட்டறை

நீங்கள் பேசுகிற கம்ப்யூட்டர் விஷயம் எனக்குப் பாதிதான் புரிகிறது. புரிந்த பாதிக்கு ஒன்று சொல்கிறேன்.

என் பட்டறையில் போல்ட் முடுக்கும் ஏர் கன் இருக்கிறது. வேகம் வேண்டும் என்றால் அது இல்லாமல் முடியாது. ஒருநாள் ஒரு பையன் ஆயில் டிரெயின் போல்ட்டை நேராக ஏர் கன்னில் வைத்து முடுக்கிவிட்டான். கோணலாக ஏறி மரை முழுக்கப் போச்சு. அலுமினியம், போனது போனதுதான். புது மரை வெட்டி உள்ளே ஸ்பிரிங் மாதிரி ஒன்றைப் பதித்துத்தான் சரி செய்தேன், செலவு என் கைக்காசு. அன்றையிலிருந்து பட்டறையில் ஒரு சட்டம்: எந்த போல்ட்டாக இருந்தாலும் முதல் மூன்று சுற்று விரலால். விரலுக்கு ஓடினால் மரை சரியாக உட்கார்ந்திருக்கிறது, அப்புறம் கன் வைக்கலாம். விரலுக்கு ஓடவில்லையா, கழற்றிவிட்டுத் திரும்ப வை. கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச், அளந்து முடுக்குகிற ஸ்பேனர்.

கன்னைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பையனுக்கும் அதைக் கொடுத்துத்தான் வேலை வாங்குகிறேன்.

வடகடல்

அண்ணே, இதை என் மேசைக்கு மேலே எழுதி ஒட்டப் போகிறேன்.

நான் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான், இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. எந்தப் புது வேலையிலும் தரவின் வடிவம், செயற்கூறுகளின் பெயர், தோற்கிற வழிகள் ஆகிய மூன்றையும் நானே கையால் எழுதுவேன். அது ஓடுகிறதா என்று பார்ப்பேன். அதன் பிறகு சலிப்பான பகுதிகளுக்கு உதவியாளரை விடுவேன். கடைசியில் நிஜமான போர்டில், நிஜமான சுமையில் அளப்பேன். மைக்ரோகன்ட்ரோலரில் வேறு வழியும் இல்லை. சிமுலேட்டரில் ஓடுவது மின்னழுத்தம் ஆடும்போது ஓடாது.

எடிட்டர் சண்டையில் நான் இரண்டு பக்கமும் இல்லை. நியோவிம்முக்கு மூலமான விம் எடிட்டரை எழுதியவர் 2023இல் காலமான செய்தி வந்த அன்று, விம்மைத் திறந்து அதன் முதல் பக்கத்தில் உகாண்டா குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1991இலிருந்து முப்பது வருடத்துக்கு மேல் ஒரே கருவியைப் பேணிய மனிதர். மறுபக்கம் ஆட்டம் (Atom) என்ற எடிட்டரை நான் ஆசையாக வைத்திருந்தேன். 2022 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். என் அமைப்புகள் எல்லாம் போயின. பெரிதா சின்னதா என்பதைவிட, யார் பேணுகிறார்கள், எவ்வளவு காலம் பேணுவார்கள் என்றுதான் இப்போது முதலில் பார்க்கிறேன். வண்டிக்கும் உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், யார் கழற்றி மாட்டுவார் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன்.

கீழக்கரை பயணி

சரி, பட்டறை அண்ணன் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். விரலால் மூன்று சுற்று. அதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் பல சமயம் நேராகக் கன்தான் வைத்திருக்கிறேன் என்பதும் உண்மை.

ஆனால் 450 பற்றிய என் கருத்து மாறவில்லை. டியூப்லெஸ் கம்பிச் சக்கரம் போட்டதிலிருந்து கருவேல முள்ளுக்குப் பயந்ததில்லை. முள் ஏறினால் பிடுங்காமல் ஓட்டிக்கொண்டே வீடு வந்து, நிதானமாக அடைக்கலாம்.

மூக்கையூர் காற்று

செயினுக்கு யாராவது சொல்லுங்கள். ஸ்ப்ரே அடித்தால் மணல் ஒட்டிக்கொள்கிறது, அடிக்காவிட்டால் துரு. நொந்துவிட்டேன்.

ராமநாதபுரம் பட்டறை

மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள், பெட்ரோல் வேண்டாம், உள்ளே இருக்கிற ஓ ரிங் கெட்டுவிடும். காய்ந்ததும் 90 கியர் ஆயிலைத் துணியில் நனைத்து மெல்லிசாகத் தடவி, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். கொழகொழவென்று இருந்தால் மணலோடு சேர்ந்து அரைக்கிற விழுதாகிவிடும். மெல்லிசு, ஆனால் அடிக்கடி. உங்கள் ஊர்க் காற்றுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை.

முன்பக்க ஃபோர்க் குழாயை இரவில் ஒரு ஈரத்துணியால் துடைத்து, ஒரு சொட்டு ஆயில் தடவிவிடுங்கள். உப்புப் புள்ளி குரோமைக் குத்திவிட்டால் அது சீலைக் கிழிக்கும். சீல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

தங்கச்சிமடத்தான்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். பட்டறை அண்ணன் சொன்னபடி முன்சக்கரத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். நடுவில் பிடிக்கிறது. கோன் செட் மாற்ற வேண்டும், அடுத்த சனிக்கிழமை அண்ணன் பட்டறைக்கே கொண்டுவருகிறேன்.

அப்புறம் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு வகைகளை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள் இல்லையா. நான் ஐந்து வருடமாக வண்டி கழுவிய தண்ணீர் 4,300 காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று நினைத்து இரண்டாவது தடவையும் அளந்தேன். அதேதான். நூற்றுக்கு மேற்பட்ட தடவை நானே காசு கொடுத்து உள்ளே உப்பு ஏற்றியிருக்கிறேன். மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

வடகடல்

நல்ல தண்ணீருக்கு என்ன செய்யப் போகிறீர்கள் தம்பி? குழாயில் குடிக்க வரும் காவிரித் தண்ணீரில் வண்டி கழுவாதீர்கள். எங்கள் தெருவில் அதற்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் விடிகாலையிலிருந்து நிற்கிறார்கள்.

தங்கச்சிமடத்தான்

அதையேதான் அக்கா நானும் யோசித்தேன். குழாயைத் தொடவில்லை. நான் வேலை பார்க்கும் அறையில் ஏசி ஓடுகிறது. அதன் பின்குழாயில் சொட்டும் தண்ணீரை இவ்வளவு நாள் மண்ணில் விட்டுக்கொண்டிருந்தேன். வாளி வைத்துப் பிடித்து அதே மீட்டரில் அளந்தேன்: வெறும் 24. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு ஒரு பகலில் பத்து லிட்டருக்குக் குறையாமல் வருகிறது.

வேதியியல் வாத்தியார்

அபாரம். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கிய தண்ணீர் அது, கிட்டத்தட்ட வடித்த நீர். குடிக்க மட்டும் வேண்டாம். உப்பைக் கரைக்க அதைவிட நல்லது கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மாடி மழைத் தண்ணீரையும் ஒரு டிரம்மில் பிடித்து வையுங்கள். பிரஷர் மட்டும் கூடாது.

தங்கச்சிமடத்தான்

பிரஷர் இல்லை சார். மிளகாய்ச் செடிக்கு மருந்து அடிக்கும் கைத்தெளிப்பான் புதிதாக ஒன்று வாங்கினேன், ஐந்து லிட்டர். மேலிருந்து கீழாக மெதுவாக நனைத்து, இரண்டு நிமிடம் விட்டு, இன்னொரு தடவை நனைத்துத் துணியால் ஒற்றி எடுக்கிறேன். ஐந்து லிட்டரில் முழு வண்டியும் முடிகிறது.

டேங்கைக் கழற்றி மிச்சமிருந்த பதினொரு கப்ளரையும் திறந்தேன். மூன்றில் பச்சை தொடங்கியிருந்தது. துலக்கி கிரீஸ் வைத்தாயிற்று. எந்தக் கப்ளர், என்ன நிலை, எந்தத் தேதி என்று வண்டிக்கான கிட் களஞ்சியத்தில் வரிவரியாக எழுதிக் கமிட் செய்துவிட்டேன். கீழக்கரை காக்கா, அந்தப் பட்டியலைப் படத்திலிருந்து எழுத்தாக்கி வரிசைப்படுத்தியது நீங்கள் சொன்ன உதவியாளர்தான். முதல் மூன்று வரியை நான் எழுதிக் கொடுத்தேன், மீதியைச் சரிபார்த்தேன். ஒரு கப்ளரின் வயர் நிறத்தை மட்டும் தப்பாகப் போட்டிருந்தது. திருத்திவிட்டேன்.

கீழக்கரை பயணி

அந்தக் களஞ்சியத்தை எங்களுக்கும் திறந்துவிடுங்கள் தம்பி. அதிலேயே 450க்கு ஒரு தனிக் கிளை நான் போடுகிறேன். நாளை என் டேங்கையும் கழற்றிப் பார்க்கப் போகிறேன்.

ராமநாதபுரம் பட்டறை

தம்பி, சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள், கோன் செட் எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது அந்த ஏசி தண்ணியில் ஒரு கேன் கொண்டுவாருங்கள். இந்த வாரம் வருகிற வண்டிகளைக் கழுவிப் பார்க்கிறேன்.